செடியாவில் நிற்காதீர்கள்: முன்னாள் தேசியச் சேவையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு,

என் வீட்டுக்காரருடன் சீருடை அணிந்து, பாசிர் லாபா பயிற்சி முகாமில் புழுதி தின்று, இன்றும் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடிப் பிரியாணி சாப்பிடும் உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். கடுமையான உடற்குறை வந்தால் உங்களுக்குச் சேரவேண்டிய காப்புறுதிப் பணத்தையும் உதவிகளையும் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைப் பற்றியது. எங்களுக்கு அறிமுகமில்லாமல், உங்களைப் போலவே சேவை செய்து முதுமை எய்திய மற்றவர்களும் படிக்கலாம். "இது எனக்கு எழுதியது இல்லை" என்று நினைக்கிறவர்தான் கட்டாயம் படிக்க வேண்டும்.

1949ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் பிறந்தவர்கள்தான் சிங்கப்பூரில் தேசியச் சேவைக்கு, அதாவது கட்டாயப் படைச் சேவைக்கு, முதன்முதலாக அழைக்கப்பட்டவர்கள். 1967 ஆகஸ்ட் 17 அன்று முழுநேரச் சேவைக்குப் போன அந்த முதல் அணிக்கு இப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1951இல் பிறந்த என் வீட்டுக்காரரின் அணியும் எழுபதைக் கடந்துவிட்டது. ஆனால் ஒன்றுகூடல்களில் உங்கள் மேசைப் பேச்சைக் கேட்டால் ஒருவருக்கும் வயதானதாகத் தெரியாது. பெங் காங் குன்றில் யார் முதலில் ஏறினார், எந்த சார்ஜன்ட் யாரைத் திட்டினார், முகாமில் யார் தலையை எப்படி மொட்டை அடித்தார்கள் என்பதெல்லாம் வரும். அன்று காலை அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது யார் என்பது மட்டும் வராது. பெண்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது தெரியும். நாங்கள் பேசிக்கொள்வதே அதைத்தான்.

நான் மருத்துவமனை வார்டில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நோயாளிகள் மருத்துவரிடம் எப்படிப் பேசுவார்கள் என்பதை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அவர்களில் உங்களைப் போன்றவர்கள்தான் மிகவும் மோசம். இரவெல்லாம் வலியில் முனகியவர், காலையில் மருத்துவர் வந்ததும் தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்து, "பரவாயில்லை டாக்டர், நன்றாக இருக்கிறேன்" என்பார். "செடியா!" (விறைத்து நில்!) என்று யாரோ மலாயில் கட்டளையிட்டதுபோல முதுகு நேராகிவிடும். அணிவகுப்புத் திடலில் அது அழகுதான். உடற்குறை மதிப்பீட்டு அறையில் அந்தப் பழக்கம் உங்களுக்குச் சேரவேண்டிய பணத்தைத் தின்றுவிடும்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2002இல் எல்டர்ஷீல்டு என்ற கடுமையான உடற்குறைக் காப்புறுதித் திட்டம் வந்தபோது உங்களில் பெரும்பாலோர் ஐம்பதுகளில் இருந்தீர்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்து, நாற்பதிலிருந்து அறுபத்தொன்பது வயதுக்குள் இருந்தவர்கள், வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாலொழிய, தாமாகவே அதில் சேர்க்கப்பட்டார்கள். பல ஆண்டுகளாக உங்கள் மெடிசேவிலிருந்து சந்தா கழிந்திருக்கிறது. அதற்கான கடிதங்கள் வந்திருக்கும். உங்களில் எத்தனை பேர் அந்த உறையைப் பிரித்தீர்கள் என்பது உங்கள் இழுப்பறைக்கே தெரியும். கடுமையான உடற்குறை ஏற்பட்டால் பழைய எல்டர்ஷீல்டில் மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதிகபட்சம் 60 மாதங்களுக்கு வரும். 2007இல் மேம்படுத்தப்பட்ட திட்டத்தில் மாதம் 400 வெள்ளி, 72 மாதங்கள் வரை. 2020 அக்டோபரில் வந்த கேர்ஷீல்டு லைஃப் வேறு வகை. அதில் உடற்குறை நீடிக்கும்வரை, வாழ்நாள் முழுதும் கிடைக்கும். 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள் 2021 நவம்பர் முதல் அதற்கு மாற முடிந்தது. முன்னோடித் தலைமுறை (1949 இறுதிக்குள் பிறந்தவர்கள்), மெர்டேக்கா தலைமுறை (1950களில் பிறந்தவர்கள்) இரண்டுக்கும் கூடுதல் ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். உங்களில் சிலர் மாறியிருப்பீர்கள். நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பதை சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாகப் பார்க்கலாம். கைத்தொலைபேசி கைக்குப் பிடிபடாதவர்கள் பேரப்பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இது தர்மம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்களில் ஓர் அண்ணன் என்னிடம், "நாட்டுக்குச் செய்துவிட்டு அதற்குக் கூலி கேட்கிறதா?" என்றார். அவருக்கு என் பதில்: இது உங்கள் சேவைக்கான கூலியே இல்லை. உங்கள் சம்பளத்திலிருந்து போன சந்தாவுக்கு ஈடாக வாங்கிவைத்த காப்புறுதி. வாகன விபத்துக்குக் காப்புறுதிப் பணம் கேட்க வெட்கப்படாத மனிதர் உடம்புக்குக் கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி, மதிப்பீட்டில் பார்க்கும் ஆறு காரியங்கள். கடுமையான உடற்குறை என்றால் நோயின் பெயர் கணக்கில்லை. பக்கவாதமா, பார்க்கின்சனா, நீரிழிவில் கால் போனதா, மறதி நோயா என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை போவது, வீட்டுக்குள் நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றையாவது இன்னொருவர் கைகொடுத்து உதவாமல் செய்ய முடியாத நிலைதான் அளவுகோல். துணைக்கருவி இருந்தும் முடியவில்லை என்றால்தான் அது கணக்கில் சேரும். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அறைக்கு அறை தாமாகவே போகிறவர் நடக்க முடிந்தவர்தான். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில் இருக்கிறவர்கள் இப்போது விண்ணப்பித்துக் கிடைக்கவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம். காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றிலும் நீங்கள் எப்படி உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்பதை எங்கள் மேசையிலிருந்து சொல்கிறேன்.

உடுத்துவதில் கைலிதான் பெரிய மோசடி. வீட்டில் நாள் முழுக்கக் கைலியில் இருக்கிறவர், "நானே உடுத்திக்கொள்கிறேன்" என்கிறார். கைலிக்குப் பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, ஒரு காலைத் தூக்கி நுழைக்கும் வேலையும் இல்லை. அதைக்கூட இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுகிறது யார்? கால்சட்டை, உள்ளாடை, பொத்தான் வைத்த சட்டை எல்லாவற்றையும் போடுவதும் கழற்றுவதும் உடுத்துவதில் அடங்கும். செயற்கைக் கால் அல்லது முதுகுப் பட்டை இருந்தால் அதை மாட்டுவதும் சேரும். மருத்துவமனைச் சந்திப்பு இருக்கும் நாளன்று உங்களைக் கிளப்ப வீட்டில் எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் உண்மையான நிலை அதுதான்.

குளிப்பதில் இன்னொரு ஏமாற்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, குழாயைத் திறந்துவிட்டு, முதுகுக்கும் காலுக்கும் சோப்புப் போட்டு, துவட்டி, வழுக்காமல் நிலைப்படி தாண்டவைத்து வெளியே கூட்டிவருகிறோம். வந்ததும் நீங்கள் பிள்ளைகளிடம், "குளித்துவிட்டேன்" என்கிறீர்கள். குளியலுக்குள் போவதும் வெளியே வருவதும் குளியலில் சேர்ந்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

கழிவறை விஷயம் ஒருவர் வாயிலிருந்தும் வராது. எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், கால் கழுவிவிடுவது பணிப்பெண் என்பதைத் தம் சொந்த மகனிடமே சொல்லவில்லை. கேட்டால் மதிப்பீட்டாளரிடம் எப்படிச் சொல்வார்? அண்ணே, அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் அதே கேள்வியை அன்றைக்கு எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். அவருக்கு அது இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பது போன்ற கேள்வி. நீங்கள் முகம் சிவந்து மழுப்பினால் அவர் தாளில் 'முடியும்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

உண்பதைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு. சமைத்து முன்னால் வைத்த பிறகு தாமே எடுத்துச் சாப்பிட முடிகிறதா என்பதே கேள்வி. "அவருக்குச் சமைக்கத் தெரியாது, காப்பிகூடப் போடமாட்டார்" என்று சில அக்காமார் புலம்புவதுண்டு. அது உடற்குறை இல்லை, வளர்ப்புக் குறை. அதை மதிப்பீட்டாளரிடம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நடமாட்டம் என்றால் ஈரச் சந்தைக்குப் போய் வருவதோ எம்ஆர்டி ரயில் ஏறுவதோ இல்லை. வீட்டுக்குள் சமதரையில் அறைக்கு அறை போவது. இடம் மாறுவது என்றால் படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கோ சக்கர நாற்காலிக்கோ மாறுவதும் திரும்புவதும். இரவில் இரண்டு மணிக்கு உங்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறவளைக் கேளுங்கள், அவள் முதுகு பதில் சொல்லும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வலப்பக்கம் முழுதும் தளர்ந்துவிட்டது. முதல் மதிப்பீட்டுக்கு மகன் கூட்டிக்கொண்டு போனான். மகன் வேறு வீட்டில் இருக்கிறவன். அப்பா எப்படிக் குளிக்கிறார் என்று பார்த்ததில்லை. இவர் அறைக்குள் நுழைந்ததும் கம்பீரமாகிவிட்டார். எல்லாக் கேள்விக்கும் "மெதுவாகச் செய்வேன்", "பழகிவிட்டது", "சமாளித்துக்கொள்வேன்" என்று பதில். எழுந்து காட்டச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தே காட்டிவிட்டார். அன்று மாலை வீட்டில் அவரால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதில் வியப்பில்லை. மதிப்பீட்டாளர் மீது எனக்குக் குறையே இல்லை; அவர் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுதினார். பிறகு நிலைமை இன்னும் மோசமானபோது மறுபடி விண்ணப்பித்தோம். இந்தத் தடவை நான் போனேன். அவர் "சமாளித்துக்கொள்வேன்" என்று ஆரம்பித்ததும், "யாரைக் கொண்டு சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கைகாட்டினார். கிடைத்தது.

ஆகவே என் முதல் அறிவுரை, உங்களை மதிப்பீட்டுக்குக் கூட்டிப்போகிறவர் கார் வைத்திருக்கிறவராக இருக்க வேண்டியதில்லை. அன்றாடம் உங்களைத் தொட்டுத் தூக்குகிறவராக இருக்க வேண்டும். அது மனைவியாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், பணிப்பெண்ணாக இருக்கலாம். பணிப்பெண் என்றால் அவர் பேசுவதற்கு இடம் கொடுங்கள். முதலாளி அம்மா முன்னால் பேசத் தயங்குவார்.

மதிப்பீடு செய்பவர் சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும். உங்களுக்குப் பழக்கமான குடும்ப மருத்துவர் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அவரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வருவார். கட்டணம் மருந்தகத்தைவிடக் கூடுதல். என் கருத்து, நகர்த்துவதற்கே இரண்டு பேர் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு வீட்டு வருகைதான் சரி. வீட்டில் கட்டில் எங்கே இருக்கிறது, கழிவறைப் படி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் வார்த்தையால் விளக்காமலேயே அவர் கண்ணில் படும். ஒரே வேண்டுகோள், அன்றைக்கு மட்டும் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, ஐயாவுக்குக் கால்சட்டை மாட்டி, தலை வாரி, பொட்டு வைத்து ஹாலில் உட்காரவைக்காதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் இல்லை.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம். மதிப்பீட்டு நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். நாவல் எழுத வேண்டாம். தேதி, நேரம், என்ன செய்ய உதவி தேவைப்பட்டது, யார் எப்படி உதவினார், அவ்வளவுதான். "காலை 6, படுக்கையிலிருந்து எழ, மனைவி தூக்கினார், 6.20, கழிவறை, கழுவிவிட்டது மனைவி, மதியம், வலக்கையால் கரண்டி பிடிக்க முடியவில்லை, ஊட்டிவிட்டது மருமகள்" என்பது போல. விழுந்தால் எங்கே, எப்படி என்று எழுதுங்கள். பார்க்கின்சன் போன்ற நோயில் மாத்திரை வேலை செய்யும் நேரம் ஒரு மனிதராகவும், அதன் வேகம் இறங்கிய நேரம் வேறு மனிதராகவும் இருப்பீர்கள். மதிப்பீட்டாளர் நல்ல நேரத்தில் பார்த்துவிட்டால் மற்ற நேரத்தை அவருக்குக் காட்டுவது அந்த நோட்டுதான். நல்ல நேரத்தையும் அதில் எழுதுங்கள். ஒரு நாள்கூட நன்றாக இல்லை என்று எழுதியிருக்கும் நோட்டை நானே நம்பமாட்டேன், அவர் எப்படி நம்புவார்? இல்லாத வலியை நடித்துக் காட்டச் சொல்லவில்லை. அனுபவமுள்ளவர்கள் நடிப்பைக் கதவருகிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் வகையினரிடம் எனக்கு அந்தப் பயமும் இல்லை. நீங்கள் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் நடிக்கிறீர்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கை கால் நன்றாக இருக்கும், ஆனால் சட்டையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாது. சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். புதியவர் முன்னால் பழைய மரியாதை மட்டும் மிஞ்சியிருக்கும். கேட்டால், "எல்லாம் நானே செய்வேன்" என்று தெளிவாகப் பதில் சொல்வார். கையைப் பிடித்துச் செய்யவைக்காமல் எதுவும் நடப்பதில்லை என்பதைக் குடும்பத்தார்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் எதிரிலேயே சொல்லச் சங்கடமாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுத்த சுருக்க அறிக்கை, இப்போதைய மருந்துப் பட்டியல், இயன்முறைச் சிகிச்சையாளர் எழுதிய குறிப்பு இருந்தால் அது, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, கோப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். தனியார் நிறுவனத்திடம் கூடுதல் காப்புறுதியும் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் முகவர் ஒருவர் வந்து கையெழுத்து வாங்கிப் போனது உங்களுக்கு மறந்திருக்கும். அத்தகைய சில திட்டங்களில் மூன்று செயல்கள் முடியாமல் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கு முன்பே பணம் தருவார்கள்.

சேவைக் காலத்துக் காயம் என்றால் கதவு வேறு. பீரங்கிச் சத்தத்தில் போன காது, மூன்று டன் லாரியிலிருந்து விழுந்து உடைந்த முட்டி, பயிற்சியில் நசுங்கிய முதுகெலும்பு ஆகியவற்றைத் தற்காப்பு அமைச்சிடம்தான் கொண்டுபோக வேண்டும். காது கேளாமை மேலே சொன்ன ஆறு செயல்களில் ஒன்றையும் தொடாததால் எல்டர்ஷீல்டுக்கு அது கணக்கே இல்லை. ஆனால் சேவையால் வந்தது என்று நிறுவ முடிந்தால் இந்த வழியில் அதற்கு மதிப்பு உண்டு. இங்கே எல்லாம் தாளில்தான் இருக்கிறது: எந்தத் தேதி, எந்தப் படைப்பிரிவு, எந்த முகாம், மருத்துவ அதிகாரி என்ன எழுதினார், உங்கள் பெஸ் என்ற உடல்தகுதி நிலை எப்போது, எதற்காக மாற்றப்பட்டது. பழைய 11பி படை அடையாள அட்டை, மருத்துவ விடுப்புச் சீட்டு, விடுவிப்புச் சான்றிதழ் எதையும் தூக்கி எறியாதீர்கள். உடனிருந்து பார்த்த நண்பர் உயிரோடு இருந்தால் அவரிடம் நடந்ததை எழுதி வாங்குங்கள். பிறகு என்று தள்ளிப்போட உங்கள் வயதில் இடமில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சேவையில் ஏற்பட்ட காயத்துக்கு அரசாங்கத்தின் மீது கவனக்குறைவு வழக்குப் போடும் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. ஆகவே நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. அமைச்சிடம் முறையாக விண்ணப்பிப்பதே வழி. எனக்கு அந்தச் சட்டப் பிரிவு பிடிக்கவில்லை. அது வேறு மடலுக்கான விஷயம்.

உங்களில் பலர் அறுபதுக்குப் பிறகும் கொண்டோ வாசலில் பாதுகாவலராக நின்றீர்கள், இன்னும் நிற்கிறீர்கள். படையினருக்கு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது. ஆனால் பாதுகாவலர் வேலையில் விழுந்து அடிபட்டால் அதே சட்டம் உங்களுக்குப் பொருந்தும். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையால் ஏற்பட்டது என்றால் போதும். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். சுற்றுக்காவலில் வழுக்கி விழுந்துவிட்டு, முதலாளிக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போனால் வேலையில் விழுந்தேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள், பதிவாகட்டும்.

மற்ற உதவிகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1949 இறுதிக்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கு, மூன்று செயல்களில் நிரந்தரமாக உதவி தேவைப்பட்டால், மாதம் 100 வெள்ளி வாழ்நாள் முழுதும் உண்டு. என் வீட்டுக்காரருக்கு அது இல்லை; மெர்டேக்கா தலைமுறைக்கு அந்தத் திட்டம் கிடையாது. வீட்டிலேயே பராமரிக்கப்படுகிறவர்களுக்கு வீட்டுப் பராமரிப்பு மானியம் இருக்கிறது, குடும்ப வருமானத்தைப் பொறுத்து. 2023 மார்ச்சிலிருந்து அது மாதம் 400 வெள்ளி வரை இருந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வரை என்று அறிவித்தார்கள். உங்கள் சொந்த மெடிசேவிலிருந்தோ மனைவியின் மெடிசேவிலிருந்தோ, இருப்புக்கேற்ப மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம். எல்டர்ஷீல்டும் இல்லை, கேர்ஷீல்டும் இல்லை, மெடிசேவிலும் இருப்பு குறைவு என்ற குறைந்த வருமானக் குடியுரிமையாளர்களுக்கு எல்டர்ஃபண்டு, மாதம் 250 வெள்ளி வரை. பணிப்பெண் வைத்திருந்தால் அதற்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி என்ற சலுகை உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, சாய்தளம் அமைக்க ஈஸ் திட்டம். செலவில் பெரும் பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. கம்பிக்காக யாரும் விழும்வரை காத்திருக்க வேண்டாம், முதலில் அதைச் செய்யுங்கள்.

இவற்றில் பலவற்றுக்கு ஒரே மதிப்பீட்டு அறிக்கை போதும். அதனால் மதிப்பீட்டாளரைப் பார்க்கும் முன்பே எதற்கெல்லாம் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு இதையெல்லாம் சொல்லித் தருவதற்கென்றே இருக்கிறது, தொலைபேசி 1800-650-6060. மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் வரமாட்டார்கள் என்று சொல்லவில்லை; கேட்டால் சீக்கிரம் வருவார்கள் என்பது வார்டில் நான் கண்டது.

அதிகாரப் பத்திரம் இன்னும் எழுதாதவர்கள் கையைத் தூக்குங்கள். தெரியும், பாதிப் பேர். உங்கள் மனநிலை தெளிவாக இருக்கும்போதே, உங்கள் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தை எழுதிவிடுங்கள். 2010 முதல் இந்த வசதி இருக்கிறது. எழுதாமல் நினைவு தப்பிவிட்டால், உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கைத் தொடவே உங்கள் மனைவி நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். மாதாமாதம் வரும் வழங்குதொகையைக் கணக்கில் பார்க்கலாம், எடுக்க முடியாது. சொத்து என்ன பெரிதாக இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். சிரமம் சொத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை.

நிராகரித்துவிட்டால்? கோபித்துக்கொண்டு கடிதத்தைக் கிழிக்காதீர்கள். எந்தெந்தச் செயல் முடியும் என்று குறித்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் உண்மை நிலையோடு ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளுங்கள், இன்னும் அந்த அளவுக்கு நோகவில்லை என்று சந்தோஷப்படுங்கள். ஒத்துப்போகாவிட்டால், அறையில் யார் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நிலைமை மோசமானால் மறுபடி விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லை.

கடைசியாக மொழி. முகாமில் மலாயும் ஆங்கிலமும் பேசிப் பழகியவர்கள் நீங்கள். மதிப்பீட்டாளரிடமும் அந்த முகாம் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். வலியையும் இயலாமையையும் சொல்ல அது போதாது. தமிழில் சொல்லுங்கள், உடன் வருகிறவர் மொழிபெயர்க்கட்டும். மொழிபெயர்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: அப்பா, "கொஞ்சம் கஷ்டம்தான்" என்றால் அதை "பிரச்சினை இல்லை" என்று மெருகூட்டிச் சொல்லாதீர்கள். அம்மா ஐந்து நிமிடம் பேசியதை ஒரு வரியாகச் சுருக்காதீர்கள். கழிவறையைப் பற்றிச் சொல்லும்போது நீங்கள் கூச்சப்பட்டு விட்டுவிடும் அந்த ஒரு வாக்கியம்தான் பெரும்பாலும் தேவைப்படும் வாக்கியம். உங்களால் சொல்ல முடியாது என்றால் வேறு ஒருவரை அழைத்துப் போங்கள். ஈசூன் பக்கம் இருப்பவர்களுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பர் ஒருவரின் மனைவி
ஈசூன், சிங்கப்பூர்